ஒரு சேலைக்கு எத்தனை அடுப்பு?

ஷாங்காய் துறைமுகத்திலிருந்து ஒரு கிலோ கச்சாப் பட்டு சென்னைக்குக் கப்பலில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடல்வழி ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். பெரிய சரக்குக் கப்பல் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் சுமந்து செல்ல 10 முதல் 15 கிராம் வரை கரியமில வாயுவை வெளிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஒரு கிலோ பட்டின் பங்கு நூறு கிராமை ஒட்டித்தான் வருகிறது. அதே பட்டு சேலையாகி, கலசப்பாக்கத்தில் தறியிலிருந்து அறுத்ததும் ஒருவர் அதை மோட்டார் சைக்கிளில் ஆரணிக்கு எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். போளூர் வழியாகப் போகவர ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 50 கொடுத்தாலும் ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் செலவாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. ஆக, கடல் தாண்டி வந்தபோது நூறு கிராம், போளூர் தாண்டிப் போனபோது மூன்றரைக் கிலோ. அந்தச் சேலையே நாற்பது சேலைகள் உள்ள மூட்டையில், எப்படியும் ஓடப்போகிற அரசுப் பேருந்தில் ஏறியிருந்தால் அதன் பங்கு மறுபடியும் கிராம் கணக்குக்கு இறங்கிவிடும்.

சுற்றுச்சூழல் பற்றிய நம் பேச்சில் தூரத்தை எதிரியாக நினைக்கும் பழக்கம் ஊறிவிட்டது. உள்ளூர்ப் பொருள் நல்லது, தூரத்துப் பொருள் கெட்டது என்று முடித்துவிடுகிறோம். மேலே போட்ட சில்லறைக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. எவ்வளவு தூரம் போனது என்பதைவிட எத்தனை பேர் சேர்ந்து போனார்கள், எத்தனை தடவை போனார்கள் என்பதே பெரிய கேள்வி. இது வண்டிக்கு மட்டும் பொருந்துவதில்லை. சாய அண்டாவுக்கும் பொருந்தும், கடையின் அலமாரிக்கும் பொருந்தும். ஒரு பொருளின் கார்பன் சுமையில் கணிசமான பங்கை யாரும் எந்திரத்தில் தீர்மானிப்பதில்லை. எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எந்த நிலையில் இருப்பு வைப்பது என்று எழுதும் நோட்டுப் புத்தகத்தில்தான் அது தீர்மானமாகிறது. சேலை வியாபாரத்தில் இதை விளங்கிக்கொள்வது எளிது. காரணம், நடுவிலே இருக்கும் எந்திரம், அதாவது கைத்தறி, கிட்டத்தட்ட நிரபராதி.

செய்யாற்றங்கரைக் கலசப்பாக்கம், போளூர், தேவிகாபுரம், ஆரணி என்று திருவண்ணாமலை மாவட்டத்தின் வடக்கே நீளும் இந்தப் பட்டு வட்டாரத்தில், குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர் தலைக்கு மேல் ஒரு விளக்கும் மின்விசிறியும் தவிர மின்சாரத்துக்குப் பெரிய வேலை இல்லை. மிதிப்பதும் அவர் கால், நாடாவைத் தள்ளுவதும் அவர் கை. ஆனால் தறிக்கு வருவதற்கு முன்னால் அந்த நூல் பல அடுப்புகளைப் பார்த்துவிட்டு வருகிறது. கூடு கட்டிய சில நாட்களுக்குள் புழுவைச் சூட்டில் கொல்ல வேண்டும். தாமதித்தால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், இழை அறுந்துபோகும். பிறகு கூட்டைக் கொதிநீரில் வேகவைத்து நூல் எடுக்க வேண்டும். ஒரு கிலோ நூலுக்கு ஆறு முதல் எட்டு கிலோ கூடு, அந்தக் கூட்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் மல்பெரி இலை, அந்த இலைக்கு உரமும் பம்புசெட்டும். தென்னிந்தியப் பட்டை வைத்து ஆஸ்டுடில்லோ, தால்விட்ஸ், வோல்ராத் ஆகிய மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, எடைக்கு எடை பார்த்தால் மற்ற இயற்கை இழைகளைவிடப் பட்டின் சுற்றுச்சூழல் சுமை அதிகம் என்று காட்டியது. கழனியில் போடும் உரத்துக்கும் நூலெடுப்பில் எரியும் எரிபொருளுக்கும் அதில் முக்கியப் பங்கு. கைத்தறி என்ற பெயரைக் கேட்டதும் பசுமை என்று முத்திரை குத்திவிடுகிறவர்கள் இந்த முன்கதையைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, தூய பட்டுக்குச் சில்க் மார்க் இருக்கிறது, கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் இருக்கிறது. அடுப்பில் எவ்வளவு விறகு எரிந்தது என்று இவற்றில் ஒன்றும் கேட்பதில்லை.

சாயப் பட்டறைக்குள் கொஞ்சம் நிதானமாக நுழைந்து பார்க்கலாம். பட்டு நூலின் எடையில் 20 முதல் 25 சதவீதம் செரிசின் என்ற பசை. அதைப் போக்காமல் பட்டுக்கு மினுமினுப்பு வராது, சாயமும் ஒழுங்காகப் பிடிக்காது. ஆகவே சோப்பும் சோடாவும் போட்ட நீரில் சிட்டங்களைக் கொதிக்கும் பதத்தில் வைத்து எடுப்பார்கள். அடுத்து அலசல், வெளிர் நிறமென்றால் வெளுப்பு, பிறகு மறுபடி அண்டாவைச் சூடேற்றிச் சாயம். கோலில் மாட்டிய சிட்டங்களைச் சாயநீரில் முக்கி, தூக்கி, திருப்பி, மறுபடி முக்கி, நிறம் எல்லா இழையிலும் ஒரே மாதிரி ஏறும்வரை சாயக்காரர் அந்த ஆவியிலேயே நிற்கிறார். இப்போது எளிய இயற்பியல். நூறு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 27 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகில் 15 மெகாஜூல் இருக்கிறது. திறந்த அடுப்பில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் அண்டாவுக்குள் போகும் என்று வைத்தால், ஒரு தடவை சூடேற்ற ஒன்பது கிலோ விறகு. பசை நீக்க ஒரு தடவை, சாயத்துக்கு ஒரு தடவை என்றால் பதினெட்டுக் கிலோ. ஒரு கிலோ நூலுக்கு முப்பது லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தில், அந்த அண்டா மூன்று கிலோ நூலைத் தாங்கும். ஒரு சேலையின் உடலுக்கு வேண்டிய நூல் அரைக் கிலோ அளவு. ஆறு சேலைக்கான நூல் ஒரே நிறத்தில் சேர்ந்து வந்தால் சேலைக்கு மூன்று கிலோ விறகு. ஆறு நிறத்துக்கு ஆறு தடவை தனித்தனியாக அடுப்பு மூட்டினால் சேலைக்குப் பதினெட்டு. சின்ன அண்டா வைத்துச் சமாளிக்கலாமே என்றால், சமாளிக்கிறார்கள். ஆனால் சின்ன அண்டாவைச் சுற்றிப் போகும் வெப்பம் அதிகம், அடுப்பு சூடேற ஆகும் விறகு அப்படியே இருக்கும். மிச்சமாவது எதிர்பார்ப்பில் பாதிதான்.

விறகு மரத்திலிருந்து வருவது, சீமைக் கருவேலம் வெட்டவெட்டத் தழைப்பது, அதனால் அதைக் கார்பன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு வாதம் உண்டு. வெட்டிய அளவு திரும்ப வளர்ந்தால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் புகைக்கரிக்கும், விறகு ஏற்றிவரும் வண்டியின் டீசலுக்கும், அண்டாவருகே நிற்பவரின் நுரையீரலுக்கும் அது பதிலாகாது. சூரிய வெப்பத்தில் தண்ணீரை முதலில் 60 டிகிரிக்குக் கொண்டுபோய்விட்டால் அடுப்பின் வேலை பாதியாகும், திருவண்ணாமலை மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமும் இல்லை. அதைச் செய்யட்டும். ஆனால் நல்ல அடுப்பில் அரைக் கிலோவாகப் போட்டாலும் வீண்தான். எந்திரத்தை மாற்றும் திட்டங்களுக்கு மானியமும் திறப்பு விழாவும் கிடைக்கின்றன. மூன்று கிலோ சேரும்வரை காத்திருப்பதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

எவ்வளவு சேர்த்துச் செய்வது என்ற இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு சூத்திரம் எழுதினார். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் ஒவ்வொரு தடவையும் ஆகும் நடைச் செலவு கூடும். ஒரேயடியாக வாங்கிக் குவித்தால் முடங்கிய பணத்துக்கு வட்டியும் இடத்துக்கு வாடகையும் கூடும். இரண்டும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவு. இன்றும் சரக்கு மேலாண்மை படிக்கும் எவரும் முதலில் கற்பது இதைத்தான். அந்தச் சூத்திரத்துக்கு ஒரு குணம் உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. அதன் அடிப்பகுதி கூர்மையான குழி போல இருக்காது, தட்டையான தாம்பாளம் போல இருக்கும். சூத்திரம் 20 கிலோ நூல் வாங்கச் சொல்லும்போது நீங்கள் 30 கிலோவாக வாங்கினால் நடைச் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்த தொகை எட்டு சதவீதம்தான் கூடுகிறது. பட்டின் விலை இதில் சேராது என்பதால் சேலைக்கு என்று பார்த்தால் அது இன்னும் அற்பம். ஆனால் நடைகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. செலவில் சிறிது விட்டுக்கொடுத்தால் புகையில் பெரிது மிச்சமாகும் என்பது இதன் பொருள். பென்ஜாஃபர், லீ, டாஸ்கின் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில் இதையே முறையாகக் காட்டினார்கள். புது எந்திரம் எதுவும் வாங்காமல், ஆர்டர் அளவையும் நேரத்தையும் மாற்றியே உமிழ்வைக் கணிசமாகக் குறைக்கலாம், அதற்காகச் செலவு பெரிதாக உயர வேண்டியதில்லை என்றார்கள்.

இங்கே யாரும் கேட்கக்கூடியது: சேர்த்து வாங்கு, சேர்த்துச் சாயம் போடு என்றால் சரக்கு தேங்காதா, தேங்கிய சரக்கும் வீண்தானே? சரியான கேள்வி. தேங்கிய சேலை என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த விறகு. ஆகவே எவ்வளவு இருப்பு என்பதோடு, எந்த நிலையில் இருப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டு அதன் பயணத்தில் நான்கைந்து இடங்களில் நிற்கலாம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்காது. கூடாக நிற்க அதற்குப் பொறுமை இல்லை, சில நாள்தான். பசை நீங்காத, சாயம் ஏறாத கோரா நூலாக அது நன்றாகக் காத்திருக்கும். பசையே இழைக்குக் கவசம். சாயம் ஏறிய நூல் ஒரே ஒரு நிறத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டது. இனி அது மாம்பழ மஞ்சளாக மட்டுமே விற்கும், வெளிச்சம் பட்டால் மங்கவும் செய்யும். நெய்து முடித்த சேலையோ நிறம், கரை, முந்தானை, புட்டா என எல்லாவற்றுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டது. படி இறங்க இறங்க எரிபொருள் கூடிக்கொண்டே போகிறது, மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் குறைந்துகொண்டே போகிறது. இருப்பு வைப்பதென்றால் மேல்படியில், கோராவாக வை. நிறம் குறிப்பதைக் கடைசிவரை தள்ளிப்போடு. இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் கம்பளிச் சட்டைகளை நிறமில்லாமல் பின்னி வைத்துக்கொண்டு, சந்தையில் எந்த நிறம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு சாயம் போட்டுப் புகழ் பெற்றது இந்தத் தந்திரத்தால்தான்.

பட்டுச் சேலையை நெய்த பிறகு சாயத்தில் முக்க முடியாது, கரையும் உடலும் வேறு வேறு நிறம், ஜரிகை வேறு. ஆகவே பெனட்டனை அப்படியே பின்பற்ற வழியில்லை. ஆனால் நம் தறியிலேயே அந்தத் தந்திரத்தின் பாதி இருக்கிறது. ஒரு பாவு பொதுவாக இரண்டு மூன்று சேலைக்கு வரும். பாவு நிறம் ஒன்று, ஊடை நிறம் வேறு என்று போட்டால் இரண்டும் கலந்து மூன்றாவது நிறம் கண்ணுக்குத் தெரியும். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் மயில் கழுத்து. அதே நீலப் பாவில் அடுத்த சேலைக்குச் சிவப்பு ஊடை ஓடினால் ஊதாவின் சாயல். பாவைப் பிணைத்து, அச்சில் கோத்து ஏற்றிய பிறகும், உடலின் நிறத்தை ஊடைத் தார் சுற்றும் நாள்வரை தள்ளிப்போடலாம். நெசவாளிக்கு இது புதுச் செய்தியே இல்லை, டபுள் ஷேடு என்று பெயர் வைத்துக் காலங்காலமாகச் செய்கிறார். அதை அழகுக்காக மட்டும் செய்கிறோம், இருப்புக் கணக்குக்காகவும் செய்யலாம் என்பதே சொல்ல வந்தது. வெளிர் நிறங்களில் இது செல்லாது, கரை நிறமும் பாவிலேயே இருப்பதால் அதை மாற்ற முடியாது. செல்லுமிடத்தில் செய்தாலே போதும்.

இனித் தேவையைப் பற்றி. எந்த வியாபாரியும் சொல்லும் சாக்கு, வாடிக்கையாளர் மனசு யாருக்குத் தெரியும் என்பது. பட்டுச் சேலை விஷயத்தில் அது பாதிதான் உண்மை. இந்த வியாபாரத்துக்குத் தேவை முன்கணிப்பு ஒவ்வொரு ஆண்டும் அச்சாகி நாலு காசுக்கு விற்கிறது, அதன் பெயர் பஞ்சாங்கம். ஆடியில் தாலி கட்டுவதில்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலோர் தள்ளிப்போடுவார்கள். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்கள் எந்தத் தேதியில் எத்தனை என்று ஓராண்டுக்கு முன்பே தெரியும். தீபாவளித் தேதி எல்லோருக்கும் தெரியும். எத்தனை சேலை வேண்டியிருக்கும் என்பதைச் சுமாராகச் சொல்லிவிடலாம், எந்த நிறம் என்பதைத்தான் சொல்ல முடியாது. எண்ணிக்கை முன்கூட்டியே தெரிகிறது, நிறம் தெரிவதில்லை. கோரா நூலுக்கு எண்ணிக்கை மட்டும் போதும், சாயத்துக்கு நிறமும் வேண்டும். ஆகவே முதலாவதைச் சேர்த்து முன்னால் வாங்கி, இரண்டாவதைச் சேர்த்துப் பின்னால் செய்யலாம். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. முகூர்த்தம் நெருங்கும்வரை காத்திருந்து, நாலு நாலு சிட்டமாக நூல் வாங்கி, அவசர அவசரமாக அரைக் கிலோ அரைக் கிலோவாகச் சாயம் போட்டு, சேலை அறுக்க அறுக்க மோட்டார் சைக்கிளில் ஓடுகிறார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. சாட்டையின் கைப்பிடியைச் சற்றே அசைத்தாலும் நுனி எங்கோ போய் விளாசும். ஜே ஃபாரஸ்டர் 1961-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிய இந்த நடத்தையை, ஹாவ் லீயும் அவரது சகாக்களும் 1997-இல் சாட்டை விளைவு என்ற பெயரால் பிரபலப்படுத்தினார்கள். அவர்கள் எடுத்துக்காட்டியது குழந்தைகளின் டயப்பர். குழந்தைகள் நனைப்பது நாள்தோறும் ஒரே அளவுதான். ஆனால் கடையின் ஆர்டர் கொஞ்சம் ஆடுகிறது, மொத்த வியாபாரியின் ஆர்டர் அதைவிட ஆடுகிறது, தொழிற்சாலைக்குக் கச்சாப்பொருள் தருகிறவரை எட்டும்போது ஊசலாட்டமாகிவிடுகிறது. சேலைக்கும் அதுவே. ஒரு படத்தில் நாயகி உடுத்திய நிறத்தைக் கேட்டு பெரிய கடையில் ஒரு வாரம் பத்துப் பேர் வருகிறார்கள். கடை முப்பது கேட்கிறது. மூன்று நெசவு முதலாளிகளிடம் கேட்பதால் ஒவ்வொருவரும் முப்பது தனக்கே என்று எண்ணி நூல் வாங்குகிறார். சாயக்காரர் அந்த நிறச் சாயத்தை டப்பா டப்பாவாக இறக்குகிறார். சேலைகள் வந்து சேரும்போது படம் தியேட்டரை விட்டே போயிருக்கும். கடையின் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பில்லிலும் நிறமும் தேதியும் இருக்கிறது. அந்தத் தகவல் கல்லாப்பெட்டியைத் தாண்டி வெளியே வருவதில்லை. தறிக்கு வருவது ஆர்டர் மட்டும், அதாவது சாட்டையின் நுனி மட்டும்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு ஆட்சேபம் இருக்கிறது, இதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. இருப்பைப் பற்றிப் பேசும் நிபுணர்கள் நெசவாளியை மறந்துவிடுகிறார்கள். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் தறி ஓடுவதே இருப்புக்காகத்தான். தேவை வந்தபோது மட்டும் நெய் என்று சொன்னால், ஆடியிலும் மார்கழியிலும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. தேவைக்கு மட்டும் செய் என்ற ஜப்பானியக் கார்க் கம்பெனியின் பாடத்தை அப்படியே எடுத்து வந்து கூலிக்கு நெய்பவர் தலையில் கட்டினால், பூமி குளிர்வதற்கு முன் அவர் பிள்ளை நெசவை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே தறியை நிறுத்தச் சொல்லும் எந்தப் பசுமைத் திட்டமும் வேண்டாம். அதிர்ஷ்டவசமாகக் கணக்கும் அதையே சொல்கிறது. ஆண்டு முழுக்கச் சீராக நெய்தால் கடைசி நேர அவசரம் இல்லை, அரை அண்டா சாயம் இல்லை, ஒற்றைச் சேலைக்கு ஒரு வண்டி இல்லை. மந்தமான மாதங்களில் எப்போதும் ஓடும் அரக்கு, மஞ்சள், கிளிப்பச்சை வகைகளை இருப்புக்கு நெய்யலாம். இன்றைக்கு வந்து நாளைக்குப் போகும் நிறங்களை முகூர்த்தத்தை ஒட்டி, ஊடையில் தீர்மானித்து நெய்யலாம். நெசவாளிக்குத் தொடர்ந்து கூலி, சாயக்காரருக்கு முழு அண்டா. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சித்திரை, வைகாசிக் கல்யாணங்கள் கலைந்தபோது, நெய்து வைத்த சேலைகள் முதலாளிகளின் வீட்டிலும் கூட்டுறவுச் சங்கங்களின் அலமாரியிலும் முடங்கின, தறிகள் நின்றன. அந்தப் பணத்தில் ஒரு பகுதி கோரா நூலாக இருந்திருந்தால், பின்னால் கச்சாப் பட்டு விலை ஏறியபோது அது நஷ்டமாக அல்ல, கையிருப்பாக இருந்திருக்கும்.

அப்படியென்றால் அந்தக் கோரா நூலுக்கு யார் பணம் போடுவது? இதுதான் இடறும் இடம். சிறு முதலாளி கடன் வாங்கித்தான் நூல் வாங்குகிறார். பல கடைகள் விற்ற பிறகே பணம் தருகின்றன, விற்காததைத் திருப்பி அனுப்புகின்றன. இருப்பின் பாரம் முழுவதும், தாங்க முடியாதவர் தோளில் இருக்கிறது. அவரிடம் போய் எட்டு சதவீதம் கூடுதல் செலவு அற்பம் என்று சொல்வது கொழுப்பு. காஞ்சிபுரத்தில் பட்டு வளர்ச்சித் துறையின் அண்ணா பட்டுப் பரிமாற்றகம் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பட்டு தரும் டான்சில்க் இருக்கிறது. ஆரணி வட்டாரத்துக்கான கோரா இருப்பை அப்படிப்பட்ட பொது அமைப்பு சுமந்தால், தனித்தனியாக முப்பது முதலாளிகள் வைக்க வேண்டிய பாதுகாப்பு இருப்பைவிட மொத்தத்தில் குறைவாகவே போதும். ஒருவருக்குக் கூடும்போது இன்னொருவருக்குக் குறையும், ஒரு கிடங்கில் அது தன்னால் சமன்படும். நிறம் ஏறாத நூல் யாருக்கும் பொது என்பதால்தான் இது சாத்தியம். சாயம் ஏறிய நூலில் இதைச் செய்யவே முடியாது.

இந்தியா ஓராண்டில் வெளிவிடும் கரியமில வாயுவில் ஆரணியின் எல்லாச் சாய அடுப்புகளும் சேர்ந்து தசமப் புள்ளிக்குப் பின் எத்தனையாவது இடத்தில் வரும், அனல் மின்நிலையத்தையும் சிமென்ட் ஆலையையும் விட்டுவிட்டு இவர்களைப் பிடித்து ஏன் உலுக்க வேண்டும் என்று கேட்பார்கள். உலுக்க வேண்டாம் என்பதே என் கட்சியும். இங்கே சொன்ன ஒவ்வொன்றும் விறகுக் காசையும் பெட்ரோல் காசையும் மிச்சப்படுத்துவது, கார்பன் என்ற சொல்லையே கேட்டிராதவருக்கும் லாபம். பொறுப்பு என்று வந்தால் அது சங்கிலியின் மறுமுனையில் இருக்கிறது. தி.நகர் கடையில் ஒரு ஒன்றரை டன் ஏ.சி. பத்து மணிநேரம் ஓடினால் பதினைந்து யூனிட்டை ஒட்டி வரும். நம் மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு, ஆக ஒரு ஏ.சி.க்கு ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ. விற்காமல் மடித்து அடுக்கிய சேலைகள் அந்தக் குளிரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. செபி, பங்குச் சந்தையில் பட்டியலான முதல் ஆயிரம் நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பை அறிக்கையாகத் தர வேண்டும் என்று 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் பட்டுக் கடைகளில் பெரும்பாலானவை குடும்ப வியாபாரம், அந்த வலையில் விழாதவை. சட்டத்துக்காக யாரும் காத்திருக்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு தடவை எந்த நிறம் எத்தனை விற்றது என்ற பட்டியலை முதலாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதற்குச் சட்டம் எதற்கு?

பட்டு கெட்டுப்போகாது, இன்று விற்காதது நாளை விற்கும், அதனால் தேக்கம் வீணில்லை என்பது கடைசி ஆட்சேபம். பிரிட்டனின் பர்பெரி நிறுவனம் விற்காமல் போன 2.86 கோடி பவுண்டு சரக்கை ஒரே ஆண்டில் அழித்தது என்பது 2018-இல் தெரியவந்து உலகம் திட்டித் தீர்த்தது. பெரிய நிறுவனங்கள் விற்காத துணியை அழிப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜூலையிலிருந்து தடை விதித்துள்ளது. நாம் அப்படி எரிப்பதில்லை என்று பெருமைப்படலாம், கொஞ்சம் அவசரப்பட்ட பெருமை. மடித்த மடிப்பிலேயே கிடந்தால் பட்டு அந்த மடிப்பில் விடும், ஜரிகை கறுக்கும், ரகம் பழசாகும். பாட்டியின் கூறைப்புடவை ஐம்பது வருடம் பெட்டியில் இருந்ததே என்றால், அதைப் பாட்டி உடுத்தியிருந்தாள், மாற்றி மாற்றி மடித்து வைத்திருந்தாள். யாருமே உடுத்தாத சேலைக்கு அந்தக் கணக்குச் செல்லாது. நல்ல ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, அதனால் பழைய பட்டுச் சேலை வாங்கப்படும் என்ற பலகையைத் தமிழ்நாட்டில் எந்தக் கடைத்தெருவிலும் பார்க்கலாம். வாங்கியதைக் கொளுத்திச் சாம்பலிலிருந்து வெள்ளியை எடுக்கிறார்கள். உடுத்திக் கிழிந்த சேலைக்கு அது மரியாதையான முடிவு. உடுத்தாமலே அங்கே போய்ச் சேருகிற சேலை, பிறந்ததும் அடுப்பில், போனதும் அடுப்பில்.

அடுப்பைக் குறைப்பதற்கான எளிய வழி, எல்லோருடைய நூலும் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. முதலாளிகள் தங்கள் நிறத்தைப் பக்கத்து முதலாளியிடம் சொல்ல மாட்டார்கள், அது தொழில் ரகசியம். ஆனால் எல்லோர் ரகசியமும் சாயக்காரருக்குத் தெரியும். மூன்று பேரின் மஞ்சள் மூன்று வேறு நாட்களில் தன் பட்டறைக்கு வருவதைப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். திங்கள் மஞ்சள், செவ்வாய் சிவப்பு வகை, புதன் பச்சை, வியாழன் நீலம் என்று கிழமைக்கு ஒரு நிற வரிசை வைத்துவிட்டால், யார் பெயரையும் யாரிடமும் சொல்லாமல் அண்டா நிறைந்துவிடும். ஒவ்வொரு நாளும் வெளிர் சாயலில் தொடங்கி அடர்த்தியில் முடித்தால் சூடான நீரையே அடுத்த அண்டாவுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாலைந்து நாள் பொறுக்க வேண்டியிருக்கும், முகூர்த்தம் ஓராண்டுக்கு முன்பே தெரிந்த ஊரில் அது பெரிய கஷ்டமில்லை. இந்தக் கணக்கில் வெள்ளிக்கிழமைக்குக் கறுப்பும் கருநீலமும் வந்து நிற்கும். வெள்ளியன்று கறுப்பை அண்டாவில் இறக்க எந்தப் பட்டறையிலும் ஒப்ப மாட்டார்கள். சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டால் தீர்ந்தது.